மனசு கனக்கும்போது யாரிடம் போவது?

ராத்திரி மூன்று மணி. தூக்கம் கலைந்துவிட்டது. கைப்பேசியில் பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போகிறேன். நானூற்றுச் சொச்சம் எண்கள். ஒவ்வொரு பெயருக்கும் மனசு ஒரு காரணம் சொல்கிறது. இவன் தூங்கியிருப்பான். இவளுக்கே ஆயிரம் பிரச்சினை. இவரிடம் சொன்னால் நாளைக்குள் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். பட்டியல் தீர்ந்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பேன். இப்படியே ஏழெட்டு வாரம் ஓடியது.

அடுத்த ஒன்றரை வருடத்தில் நண்பன், உதவி எண், ஆலோசகர், மனநல மருத்துவர், ஒரு குழு, ஒரு நோட்டுப் புத்தகம் என்று கிட்டத்தட்ட எல்லா வாசற்படியையும் மிதித்துவிட்டேன். "இதில் எது நல்லது?" என்று இப்போது யாராவது கேட்டால், "உனக்கு இப்போ என்ன வேணும்?" என்று திருப்பிக் கேட்கிறேன். சின்னக் கவலை என்றால் நண்பன், பெரிய கவலை என்றால் டாக்டர் என்று வலியின் அளவை வைத்துத்தான் பொதுவாகப் பிரிக்கிறோம். அது பாதிதான் சரி. எதிரில் இருப்பவரிடம் நாம் எதைத் தேடிப் போகிறோம் என்பது மீதிப் பாதி. கேட்க ஒரு காது வேண்டுமா, இதே பாட்டைப் பட்ட ஆள் வேண்டுமா, வெளியே வர வழி வேண்டுமா, வைத்தியம் வேண்டுமா? காது தேடும் நேரத்தில் வழி சொல்பவரிடம் போனால் எரிச்சல்தான் மிஞ்சும். வைத்தியம் தேவைப்படும் நேரத்தில் காதோடு நின்றுவிட்டால் மாதங்கள் வீணாகும்.

ஒப்பிடத் தொடங்கும் முன் ஒரு விதிவிலக்கு. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்து, எப்படி என்பதுவரை யோசனை போயிருந்தால் இந்தக் கட்டுரை அப்புறம். அன்றைக்கே ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆபத்தானவை கைக்கு எட்டாத தூரம் போக வேண்டும். அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும், இல்லையென்றால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். வேறொருவரைப் பற்றி அப்படிச் சந்தேகம் வந்தால் நேரடியாகவே கேட்டுவிடலாம்: "செத்துப்போகணும்னு தோணுதா?" கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பெரும்பாலும் கேட்கப்பட்டவருக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கும்.

சரி, இனி ஒவ்வொன்றாக.

தெரிந்தவர்

நான் முதலில் போனது இருபது வருட நண்பனிடம். பேச ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, "டேய், நம்ம செட்லயே நீதான்டா தைரியமான ஆளு. இதுக்கெல்லாம் போயா?" என்றான். பாராட்டாகத்தான் சொன்னான். எனக்கோ கதவு சாத்தின மாதிரி இருந்தது. தைரியசாலி என்று ஒருத்தனைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவன் எப்படி அழுவான்? அப்புறம் நடைப்பயிற்சி, தியானம், வேலை மாற்றம் என்று வரிசையாக யோசனைகள் வந்தன. எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை.

இதில் அவன் தப்பு பாதி, என் தப்பு பாதி. "தீர்வு வேண்டாம், அரை மணி நேரம் கேட்டால் போதும்" என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்கலாம். பெரும்பாலான நண்பர்கள் யோசனை சொல்வதற்குக் காரணம் அலட்சியம் அல்ல, பதற்றம். நாம் துடிப்பதைப் பார்க்க முடியாமல் எதையாவது செய்யத் துடிக்கிறார்கள்.

ஆனால் அடுத்த வாரம் அதே நண்பன் செய்ததை வேறு யாரும் செய்திருக்க முடியாது. நான் கட்டாமல் விட்டிருந்த மூன்று பில்களை எடுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தே கட்டினான். வாரம் இரண்டு நாள் "கிளம்பு, சும்மா நடந்துட்டு வரலாம்" என்று வாசலில் வந்து நின்றான். பாதி நாள் இருவரும் பேசவே இல்லை. நெருங்கியவர்களின் பலம் இதுதான். நம் முழுக் கதையும் தெரியும், ஒரு மணி நேரக் கணக்கு கிடையாது, வேலையிலும் தோள் கொடுப்பார்கள்.

பலவீனமும் அங்கேதான். கதை தெரிந்தவர் பல நேரம் கதைக்குள்ளேயே இருக்கிறார். மனைவி, அம்மா, அண்ணன் என்றால் சொல்ல வந்த பிரச்சினையில் அவர்களுக்கும் பங்கு இருக்கும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. ஒரே விஷயத்தை இரண்டு பேர் திரும்பத் திரும்பப் பேசிக் கிளறிக்கொண்டே இருந்தால் நட்பு இறுகும், சோர்வும் சேர்ந்தே ஏறும். வளரிளம் பருவத்தினரிடம் நடந்த ஆய்வுகளில் இது தெளிவாகவே வந்திருக்கிறது. ஆறாவது தடவையும் அதே புகாரை அதே வார்த்தைகளில் சொல்கிறோம் என்று தெரிந்தால், அந்த வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு நகரும் நேரம் வந்துவிட்டது.

முகம் தெரியாத குரல்

1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்கள் கூப்பிடட்டும் என்று ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். ஆட்கள் கூப்பிட்டார்கள், நேரிலும் வந்தார்கள். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுக் கொடுக்கச் சில தன்னார்வலர்கள் இருந்தார்கள். அந்தத் தன்னார்வலர்களிடம் பேசி முடித்த பலருக்கு, அப்புறம் பாதிரியாரைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. அதைக் கவனித்த வாரா அடுத்த வருடமே கேட்கும் வேலையைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பு அப்படித்தான் உருவானது. உலகமெங்கும் இன்றிருக்கும் பல உதவி எண்களுக்கு அதுதான் முன்மாதிரி.

நான் கூப்பிட்ட அன்று நாலைந்து நிமிடம் எனக்குப் பேச்சே வரவில்லை. வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். "லைன்லதான் இருக்கேன். மெதுவா பேசுங்க" என்று ஒரு பெண் குரல் வந்தது. அவ்வளவுதான். பிறகு நான் பேசிய முக்கால் மணி நேரத்தில் அவர் எனக்கு ஒரே ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை. பேசி முடித்தபோது பிரச்சினை இருந்த இடத்திலேயே இருந்தது. எனக்கு மட்டும் தூக்கம் வந்தது.

தெரியாதவரிடம் ஒரு சுதந்திரம் இருக்கிறது. நாளைக்கு அவர் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. அவர் நம்மை நினைத்துத் தூக்கம் கெடுவாரோ என்ற குற்ற உணர்ச்சியும் இல்லை. வெட்கப்படும் விஷயத்தை முதன்முதலாக வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரிந்து கிடையாது. குறைகளையும் சொல்ல வேண்டும். சில நேரம் லைன் கிடைக்கவே கிடைக்காது. ஒவ்வொரு முறையும் வேறு குரல், எனவே ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அன்றைய ராத்திரியைத் தாண்டுவதற்கு இது ஏற்றது. வருடக்கணக்கான முடிச்சை இங்கே அவிழ்க்க முடியாது.

பட்டவர்கள் கூட்டம்

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரும் சந்தித்தார்கள். இருவருமே குடியில் மூழ்கியவர்கள். தரகர் அப்போதுதான் குடியை விட்டிருந்தார். மறுபடி குடித்துவிடுவோமோ என்ற பயத்தில், பேசுவதற்கு இன்னொரு குடிகாரரைத் தேடிப் போனவர் அவர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அங்கே தொடங்கியது. உதவி செய்யப் போனவருக்கும் அது உதவியாக இருந்தது என்பதுதான் இந்த வகைக் குழுக்களின் சூட்சுமம். துக்கம், புற்றுநோய், மனநோய் உள்ளவரைப் பராமரிப்பது என்று இப்போது பல விஷயங்களுக்கும் இப்படிக் குழுக்கள் உண்டு. நான் போன குழுவில் ஒருவர், "காலையில் பல் தேய்க்கவே மலை ஏறுகிற மாதிரி இருக்கும்" என்றபோது அறையில் பத்துத் தலைகள் ஆடின. விளக்கவே தேவையில்லாத அந்த நிமிடத்தை எந்த நிபுணராலும் தர முடியாது.

ஆனால் குழு என்பது குழுவை நடத்துபவரைப் பொறுத்தது. யாருடைய வலி பெரிது என்ற போட்டி சில இடங்களில் நடக்கும். ஒருவரே முழு நேரத்தையும் எடுத்துக்கொள்வார். மருந்தை நிறுத்தச் சொல்லும் குழு என்றால் மறுவாரம் போகாதீர்கள்.

இந்த வகைக்கும் அடுத்த வகைக்கும் நடுவில் ஜிம்பாப்வே ஒரு நல்ல உதாரணம். டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையங்களின் வெளியே மர பெஞ்சுகளில் உட்கார வைத்தார். நட்பு பெஞ்ச் என்று அதற்குப் பெயர். வருபவர்களிடம் அந்தப் பாட்டிகள் மனச்சோர்வு நோய் என்றெல்லாம் பேசுவதில்லை. ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்கிறார்கள், அதாவது அளவுக்கு மீறி யோசிப்பது. "யோசிச்சு யோசிச்சே மண்டை வெடிக்குது" என்று நாம் சொல்கிறோமே, அதேதான். கதையைக் கேட்டு, இருக்கும் பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, அதற்கு அடுத்த அடி என்ன என்று சேர்ந்து யோசிப்பார்கள். 2016இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட பெஞ்சுக்கு வந்தவர்களின் அறிகுறிகள் தெளிவாகவே குறைந்திருந்தன. பட்டம் வேண்டாம், பயிற்சி வேண்டும் என்பது இதில் நான் எடுத்துக்கொண்ட செய்தி. வெறும் நல்ல மனசு மட்டும் இருந்தால் என் நண்பன் மாதிரி முதல் நிமிடத்திலேயே தைரியம் சொல்லத் தொடங்கிவிடுவோம்.

ஆலோசகரா, மருத்துவரா?

அதிகக் குழப்பம் இங்கேதான். மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுபவர். உளவியலாளரும் ஆலோசகரும் பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர்கள், பொதுவாக மருந்து எழுத மாட்டார்கள். "பைத்தியத்துக்குத்தான் டாக்டர், நமக்குக் கவுன்சிலிங் போதும்" என்று நினைத்துத்தான் நானும் முதலில் ஆலோசகரிடம் போனேன். வரிசையை மாற்றியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆலோசகரின் அறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மேலதிகாரிக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். "ஓகே" என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. வேலை போகப்போகிறது என்று நான் மூன்று நாள் தூங்கவில்லை. ஆலோசகர் ஒரு தாளை நடுவில் கோடு போட்டு என் பக்கம் தள்ளினார். இடது பக்கம் வேலை போகும் என்பதற்கு ஆதாரம், வலது பக்கம் போகாது என்பதற்கு ஆதாரம். இடது பக்கத்தில் "ஓகே என்று மட்டும் எழுதினார்" என்ற ஒரு வரிதான் வந்தது. வலது பக்கத்தில் ஆறு வரி எழுதியதில் கடைசி வரி, "அவர் எல்லோருக்கும் ஓகே என்றுதான் எழுதுவார்". ஞானம் பிறந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், கோபம்தான் வந்தது. இதற்கா பணம் கொடுக்கிறோம் என்று தோன்றியது. ஆனால் அடுத்த "ஓகே" வந்தபோது கை தானாகவே தாளைத் தேடியது. 1960களில் ஆரோன் பெக் வடிவமைத்த அறிவாற்றல் சிகிச்சையின் எளிய துண்டு இது. மனச்சோர்வு உள்ளவர்களின் தலைக்குள் தானாக ஓடும் எண்ணங்களைப் பிடித்து நிறுத்தி விசாரிக்கும் முறை.

இதைத் தவிர வேறு சிகிச்சை முறைகளும் இருக்கின்றன. எந்த முறை என்பதைவிட, அந்த ஆளோடு நமக்கு ஒத்துப்போகிறதா என்பது பலனை அதிகம் தீர்மானிக்கிறது என்றுதான் பல ஆய்வுகள் காட்டுகின்றன. கார்ல் ரோஜர்ஸ் 1957இலேயே இதைச் சொன்னார். புரிந்துகொள்வது, நிபந்தனை போடாமல் ஏற்றுக்கொள்வது, நடிக்காமல் இருப்பது, இந்த மூன்றும் இருந்தால் மாற்றம் வரும் என்றார். எனவே மூன்று நான்கு அமர்வுகள் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள், அதில் நன்றிகெட்டதனம் ஒன்றும் இல்லை. என்ன பயிற்சி பெற்றிருக்கிறார், பதிவு இருக்கிறதா, தன்னால் முடியாத நிலையில் யாரிடம் அனுப்புவார் என்று முதல் நாளே கேளுங்கள். இன்னொருவர் கதையை உங்களிடம் சொல்பவர் உங்கள் கதையை இன்னொருவரிடம் சொல்வார். ஒரே அமர்வில் சரிசெய்கிறேன் என்பவரிடமும் தன் வாழ்க்கையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவரிடமும் நான் நிற்க மாட்டேன்.

மருத்துவரிடம் போனது அப்புறம்தான். மாத்திரைச் சீட்டு நீட்டுவார் என்று எதிர்பார்த்துப் போன எனக்கு முதலில் கிடைத்தது ரத்தப் பரிசோதனைச் சீட்டு. தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் மனச்சோர்வு போலவே சோர்வும் மந்தமும் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. "எப்பவாவது ரெண்டு மணி நேரம் மட்டும் தூங்கி, ஆனா சோர்வே இல்லாம, நாள்கணக்குல ஏகப்பட்ட உற்சாகத்தோட, கண்டபடி செலவு செஞ்சுக்கிட்டு இருந்திருக்கீங்களா?" என்று கேட்டார். என்னடா கேள்வி இது என்று நினைத்தேன். இருமுனைக் கோளாறு, அதாவது சில காலம் மனச்சோர்வும் சில காலம் அளவு மீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய், உள்ளவருக்கு வெறும் மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் ஆளை எதிர்த் திசையில் எகிற வைத்துவிடலாம், அதனால்தான் அந்தக் கேள்வி. நண்பனோ உதவி எண்ணோ ஆலோசகரோ என்னிடம் இதைக் கேட்டதில்லை. இந்த வாசலை நிறையப் பேர் கடைசியில்தான் தட்டுகிறோம். உடம்பில் இருக்கும் காரணத்தைத் தேடுபவர் அங்கேதான் இருக்கிறார்.

மாத்திரையைப் பற்றிச் சுருக்கமாக. பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும், முழுப் பலனுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். பக்கவிளைவுகள் மட்டும் முதல் வாரமே வந்து நிற்கும். பாதிப் பேர் இந்த இடைவெளியில்தான் விட்டுவிடுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். குடி மாதிரி ஏங்க வைக்கும் போதை இதில் இல்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரலாம், எனவே படிப்படியாகத்தான் குறைப்பார்கள். குணமான பிறகும் பொதுவாக ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். 25 வயதுக்குக் கீழே என்றால் ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டில் யாராவது கவனிக்க வேண்டும். எனக்கு மூன்றாவது வாரத்தில் ஒரு காலை அலாரம் அடித்துத்தான் விழிப்பு வந்தது. அதற்கு முன் பல மாதமாக அலாரத்தை நான்தான் முந்திக்கொண்டிருந்தேன்.

இரண்டில் எது என்று கேட்டால், லேசான சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சையிலும் உடற்பயிற்சியிலும் தொடங்கலாம். நடுத்தர, கடுமையான நிலைக்கு மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் சேர்ந்து, தனித்தனியாக இருப்பதைவிட நன்றாக வேலை செய்கின்றன. மருந்தை நிறுத்திய பின் திரும்பி வரும் ஆபத்தைவிட, பேச்சுச் சிகிச்சை முடிந்த பின் திரும்பி வரும் ஆபத்து குறைவு. மாத்திரை என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது, அந்தத் தாள் மறுபடி படுக்காமல் பார்த்துக்கொண்டது என்றுதான் என் அனுபவத்தைச் சொல்வேன்.

எப்போது இந்த இரண்டு பேரில் ஒருவரிடம் போவது? இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாள்களில், எதிலும் நாட்டமில்லாமல் தூக்கமும் பசியும் மாறி, அன்றாட வேலை நின்றுபோகத் தொடங்கினால். ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்கியூ-9 என்ற படிவம் கடந்த இரண்டு வாரங்களைத்தான் கேட்கிறது. 27க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒருவரைப் பார்ப்பது நல்லது. அது நோய் இருக்கிறது என்று உறுதிசெய்யும் தேர்வு அல்ல, போய்ப் பார் என்று தள்ளும் கைதான்.

நோட்டும் செயலியும்

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம், மனதை உலுக்கிய அனுபவத்தை எழுதினார்கள். எழுதிய உடனே மனநிலை மோசமாகத்தான் ஆனது. ஆனால் பிந்தைய மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. நானும் எழுதினேன். எழுதியது ஆலோசகரிடம் பேச விஷயம் எடுத்துக் கொடுத்தது. மற்றபடி அதுவே போதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பேசும் செயலிகளும் இப்போது நிறைய வந்துவிட்டன. 1966இல் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைசா என்ற நிரல், நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடும், அவ்வளவுதான். அவருடைய செயலாளர் அதோடு பேசத் தொடங்கிச் சில நிமிடங்களில், கொஞ்சம் வெளியே போகிறீர்களா என்று அவரையே கேட்டுவிட்டார். கேட்கப்பட வேண்டும் என்ற பசி நமக்கு அவ்வளவு. இன்றைய செயலிகள் அதைவிடப் பல மடங்கு நன்றாகப் பேசுகின்றன. ராத்திரி மூன்று மணிக்கு எண்ணங்களை ஒழுங்குபடுத்திக்கொள்ள உதவும். ஆனால் நாம் ஒரு வாரம் காணாமல் போனால் வாசலில் வந்து நின்று "கிளம்பு" என்று சொல்லாது.

போன மாதம் அந்த நண்பனே என்னைக் கூப்பிட்டான். மணி இரண்டரை. அவன் வீட்டில் ஏதோ பெரிய விஷயம், சொல்லத் தொடங்கி நிறுத்தினான். எனக்கும் வாயில் நாலு யோசனை வரிசையாக நின்றது, ஐந்தாவதாக "நீ தைரியமான ஆளுடா" என்பதும் நின்றது. விழுங்கிக்கொண்டு, "நான் சும்மா கேக்கணுமா, என்ன பண்ணலாம்னு யோசிக்கணுமா?" என்றேன்.

"தெரியலடா. கொஞ்ச நேரம் லைன்ல இரு."

நாற்பது நிமிடம் இருந்தேன். நடுவில் அவன் வீட்டு மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.